நாலு பேர் உள்ளே

சனிக்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷோடு கூடத்துக்கு வந்தால், என் வீட்டுக்குள் ஒரு படகு நிற்கிறது.

நிஜப் படகு இல்லை. தரையில் மஞ்சள் டேப் ஒட்டி வரைந்த படகு. ஆனால் அளவு நிஜம், பதினோரு மீட்டர். பின்புறம் பால்கனிக் கதவில் ஆரம்பித்து, கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, நடைவழியில் ஒடுங்கி, மூக்கு எங்கள் கட்டிலுக்கு அடியில் போய் முடிந்திருந்தது. சோபா பாதி படகில் இருந்தது, பாதி கடலில். சமையலறை முழுக்கக் கடல். என் கணவர் முட்டி போட்டு உட்கார்ந்து கடைசித் துண்டு டேப்பைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார்.

"கோட்டைத் தாண்டாதே. தாண்டினா தண்ணி" என்றார்.

"வாய் கொப்புளிக்கணும்" என்றேன் நுரையோடு.

"குளியலறைக்கு மட்டும் பாலம் போட்டிருக்கேன். ஆனா காவல்ல இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்."

பார்த்தேன். இரண்டு கோடு இழுத்துப் பாலமே போட்டிருந்தார். வாய் நிறைய நுரையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனைத் திட்டவும் முடியாது. பாலத்தின் வழியாகவே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

எல்லாம் ஒரு பல் டாக்டர் ஆரம்பித்து வைத்தது. அவரிடம் ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் அதில் ஏற முடியவில்லை. என் கணவர் இரண்டு வருஷமாக வாராவாரம் துறைமுகத்துக்குப் போய்ப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிப்பார்கள், சிலர் சீட்டாடுவார்கள், இவர் கயிறு இழுக்கிறார், இழுத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். மூன்று வாரம் முன்னால் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். டாக்டர் படகை ஒரு வருஷத்துக்குத் தருகிறார். ஐந்து நாடு. நாம் நாலு பேரும் போகிறோம். பிள்ளைகளுக்குப் படிப்பு படகிலேயே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. பெரியவள் பன்னிரண்டு வயசுக்காரி. அவள்தான் முதலில் வாயைத் திறந்து, "அங்க நெட் வருமா?" என்று கேட்டாள். ஆறு வயசுச் சின்னவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. அவள் நாற்காலி மேல் ஏறி நின்று குதித்தாள்.

நான் "பார்க்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் நான் "பார்க்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம். பிள்ளைகளுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்குக்கூடத் தெரியும். தெரியாதவர் இவர் ஒருத்தர்தான். மறுநாளே ஆபீஸில் ஒரு வருஷ லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

புயலுக்கு நான் பயப்படவில்லை. புயல் வருவதை முன்கூட்டியே சொல்வார்களாம். என் பயமெல்லாம் வாலுவைப் பற்றித்தான். வைத்த இடத்தில் இருக்கிற பிள்ளை இல்லை அது. பஸ்ஸில் கையைப் பிடித்திருக்கும்போதே கை மட்டும் என்னிடம் இருக்கும், பிள்ளை நாலு சீட் தள்ளி யாரோடோ பேசிக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷம் கண்ணை எடுத்தால் கடல் அவளை எடுத்துக்கொள்ளும், சத்தம்கூட வராது. மூன்று வாரமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வெளியே சொல்லவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமான புதுசில்கூட அதை நான் பார்த்ததில்லை.

டாக்டர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பிள்ளைகளோடு போவதென்றால் முதலில் வீட்டிலேயே ஒத்திகை, பிறகு துறைமுகத்தில் ஒத்திகை, எல்லாம் ஒரு பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். படகுப் பயிற்சிக்காரர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சாவி. வீட்டு ஒத்திகைப் பதிவைப் பார்க்கத் திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வருகிறார். அதற்காகத்தான் இந்த மஞ்சள் டேப்.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவர் வேலை லிஃப்ட் பரிசோதனை. ஊரில் எந்தக் கட்டடமானாலும் லிஃப்ட் பத்திரம் என்று இவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஓடும். வாலு என் வயிற்றில் நிறைமாசமாக இருந்தபோது எங்கள் கட்டடத்து லிஃப்டையே மூடி ஸீல் வைத்துவிட்டார். நாங்கள் இருப்பது நாலாவது மாடி. கட்டடத்துச் செயலாளர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். "சார், உங்க வீட்டம்மா பிரசவம் முடியற வரைக்குமாவது விட்டு வைங்க." இவர் சொன்ன பதில்: "இவ நிறைமாசம்னு அந்தக் கயித்துக்குத் தெரியாதே சார்." நான் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, ஒவ்வொரு மாடியிலும் அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். ஆனால் அதற்குப் பிறகு, அவர் சரி என்று எழுதிய எதையும் நான் சந்தேகப்பட்டதில்லை. இந்தப் பிரயாணத்தையும் நான் முளையிலேயே கிள்ளாமல் விட்டதற்கு அதுதான் காரணம்.

நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தை நடத்துகிறேன். இருபத்தாறு குழந்தைகள், பதினாலு வருஷம். ஒரு நாள்கூட ஒரு தலை குறைந்ததில்லை. எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைப்பானேன். இவர் வீட்டில் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

ஒத்திகை இரண்டு பகல், காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. ஒருவர் காவல், மற்றவர்கள் ஓய்வு. கூடத்தின் குறுக்கே கொடி கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். பால்கனிப் பக்கம் மேல்தளம், காவல்காரர் இடம். போர்வைக்கு அந்தப் பக்கம் அறை. அறைக்குள் செருப்பு கூடாது, போர்வைக்கு அடியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். காவலில் இருப்பவர் அரை மணிக்கு ஒரு தடவை ஆட்களை எண்ணி, புத்தகத்தில் "நாலு பேர் உள்ளே" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சனிக்கிழமை சிரிப்பாகத்தான் போனது. கரண்ட் அடுப்பைப் படகுக்குள் எடுத்து வைத்தோம், உப்பு மட்டும் கடலில் நின்றுவிட்டது. "யாரும் போகக் கூடாது" என்றார் கேப்டன். உப்பில்லாமல் சாப்பிட்டோம். தபால்காரர் வந்து மணி அடித்தபோது நாலு பேரும் கோட்டுக்குள் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வாலு பகல் முழுவதும் பதினேழு தடவை பாலம் வழியாகப் போக அனுமதி கேட்டாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று சல்யூட் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என் காவல் ஆரம்பித்தது. மற்ற மூவரும் போர்வைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார்கள். நான் பால்கனியைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மடியில் ஒரு தாள் வைத்திருந்தேன். ஆறு மணிக்கு ஒத்திகை முடிந்ததும் இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஏன் நாம் போகக் கூடாது என்று ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாவதே வாலு: கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் அவளைப் பார்த்துக்கொள்ள முடியாது. எழுத எழுத எனக்கே வேகம் வந்தது. நடுவில் எங்கோ கதவு சத்தம் கேட்டது. எதிர்வீடு என்று நினைத்தேன். நாலரைக்குத் திரும்பிப் பார்த்து, "நாலு பேர் உள்ளே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போர்வை விலகியது. அவர் வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"டீச்சரம்மா, எத்தனை பேர் இருக்கோம்?"

"என்ன கேள்வி? நாலு."

"எங்க, காட்டு."

எழுந்து போய்ப் போர்வையைத் தூக்கினேன். பெரியவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தலையணை. அவ்வளவுதான்.

நான் சத்தம் போட்டேனா என்று நினைவில்லை. கோடு, கடல், பாலம் எல்லாம் மறந்துபோனது. குளியலறை, சமையலறை, கட்டிலுக்கு அடி, அலமாரிக்குப் பின்னால். வாலு, வாலு. கடைசியில் பால்கனி. அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தும் தாளிலிருந்து தலையைத் தூக்காதவள் நான். அதுவரை அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. நாலாவது மாடி. கம்பியைப் பிடித்துக் கீழே குனிந்தபோது அவர் பின்னாலிருந்து என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"எதிர்வீட்ல இருக்கா. தையல்கார அக்காகிட்ட. நான்தான் அனுப்பினேன். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. அவர் மார்பில் இரண்டு கையாலும் அடித்தேன். அதுவரை நான் யாரையும் அடித்ததில்லை.

"பிள்ளைய வச்சு விளையாடுறீங்களா? அறிவிருக்கா?"

"இதுவும் ஒத்திகைலதான் வருது. ஆள் தண்ணில விழுந்தா காவல் எப்போ கவனிக்குதுன்னு பாக்கணும். முன்னாலயே சொல்லக் கூடாது. பயிற்சிக்காரர் சொன்னதுதான்." அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. "நீ ரெண்டு நிமிஷத்துல கத்துவேன்னு நெனச்சேன். அதப் பாத்துட்டா உன் பயமே போயிடும்னு நெனச்சேன். இவ்ளோ நாளா நீ பயந்துட்டு இருக்கறது எனக்குத் தெரியாதா? நீ காவல்ல இருந்தா நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் டாக்டர்கிட்டயே சொன்னேன். போர்வைக்குப் பின்னால உக்காந்து காத்துட்டே இருந்தேன். நீ கத்தவே இல்ல."

"எவ்ளோ நேரம்?"

போனை நீட்டினார். அதில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு நிமிஷத்துக்கு மேல்.

"நாலரைக்கு எண்ணினேனே" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எண்ணியது ஆட்களை இல்லை. காப்பகத்தில் குழந்தைகள் வாசலில் செருப்பைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரும். இருபத்தாறு ஜோடி இருந்தால் இருபத்தாறு பேர் உள்ளே. ஒரு பார்வை போதும், பதினாலு வருஷப் பழக்கம். அங்கே எந்தக் குழந்தையும் செருப்பில்லாமல் வெளியே போக முடியாது, வாசலில் ஆயா உட்கார்ந்திருப்பாள். நாலரைக்குத் திரும்பிப் போர்வைக்கு அடியில் மூன்று ஜோடியைப் பார்த்தேன், என்னையும் சேர்த்து நாலு என்று எழுதிவிட்டேன். வாலு வெறுங்காலோடு போயிருக்கிறாள்.

பெரியவள் எழுந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

"அப்பா, நம்ம படகு மணிக்கு எவ்ளோ போகும்?"

"பத்து கிலோமீட்டர்."

"அப்ப ஏழு கிலோமீட்டர் பின்னாடி இருப்பா" என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்து என் காப்பகம் ஐந்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்பது நிறுத்தம். அதற்கும் அப்பால், தண்ணீரில், ஆறு வயசுப் பிள்ளை. சுவரைப் பிடித்துக்கொண்டேதான் கதவுக்குப் போனேன்.

எதிர்வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாலு தரையில் துண்டுத் துணிகளை நிறம் நிறமாக அடுக்கிவைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கையில் பிஸ்கட். "நான் ஜெயிச்சுட்டேனா?" என்று கேட்டாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் தூக்க முடியாத கனம், இருந்தாலும் இறக்கவில்லை. அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, "ஏம்மா, என்ன ஆச்சு?" என்றாள்.

திரும்பி வந்தபோது அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தில் எழுதி முடித்திருந்தார். மை இன்னும் காயவில்லை. தோளில் பிள்ளையோடு குனிந்து படித்தேன். அச்சடித்த மாதிரி அவருடைய கையெழுத்து.

ஆள் விழுந்த நேரம், 4.43. காவல் கண்டுபிடித்த நேரம், 4.47.

திரும்பப் படித்தேன். மேல் வரியில் என்னுடைய நாலரை மணிப் பதிவு. நாலு பேர் உள்ளே. அவர் எழுதியபடி பார்த்தால், நான் எழுதியது உண்மையாகிவிட்டது.

"இது என்னங்க?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நாளைக்கு அவர் வந்து நாப்பத்திரண்டு நிமிஷம்னு பாத்தா கையெழுத்துப் போட மாட்டார். உன்னையும் ஒரு மாதிரி பாப்பார். ஒரு தடவைதானே தவறிடுச்சு? அடுத்த தடவ நீ விட மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா? உனக்காகத்தான்."

எனக்காக. லிஃப்டுக்கு ஸீல் வைத்த மனுஷன். வாலு காணாமல் போனபோதுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. அப்போது பயந்தேன். இப்போது யாரோ தெரியாத ஆள் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அந்தக் கடல் மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் உடனே ஒன்றும் சொல்லிவிடவில்லை. 4.43 என்று இருந்தால் பதினாலு வருஷப் பெயர் அப்படியே இருக்கும். பெற்ற பிள்ளை போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். நாளைக்குக் காப்பகத்தில் இருபத்தாறு தாய்மாரின் முகத்தைப் பார்க்கலாம். அந்தப் பொய்யைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"எவ்ளோ நேரத்துலம்மா என்னைக் கண்டுபிடிச்சே?" என்றாள் வாலு என் காதுக்குள்.

"நாலு நிமிஷத்துல" என்றார் அவர் முந்திக்கொண்டு.

வாலு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "நாலு நிமிஷமா? அக்கா ரெண்டு தலையணை உறை தைச்சு முடிச்சிட்டாங்களே. நான் கதவுகிட்டயே போய் நின்னு பாத்தேன். யாருமே வரல. அப்புறம்தான் துணி அடுக்கினேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளை இறக்கிவிட்டு, பேனாவை எடுத்து 4.43-ஐ அடித்தேன். மேலே 4.05 என்று எழுதினேன். நாலரை மணி வரியில் 'நாலு பேர்' என்பதை அடித்துவிட்டு 'மூணு பேர்' என்று எழுதினேன். பக்கத்தில், நான் ஆட்களைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தேன் என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

"எல்லாம் போச்சு" என்றார் மெதுவாக.

"போகட்டும்."

"இன்னொரு ஒத்திகை வச்சு..."

"நான் தவறினதுக்கு இன்னொரு ஒத்திகை வைக்கலாம். நீங்க எழுதினதுக்கு என்ன வைக்கறது? அங்க நடுக்கடல்ல நீங்க எது சரின்னு சொன்னாலும் நான் எப்படிங்க நம்புவேன்?"

பெரியவள் அப்பாவின் பக்கம் பார்க்காமல் பால்கனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் முழுகிட்டேனா?" என்றாள் வாலு. பயந்து கேட்கவில்லை, பரீட்சையில் எவ்வளவு மார்க் என்று கேட்பது போலக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"ஆமாடி. முழுகிட்டே" என்றேன். "அம்மா பாக்கல."

அவள் அவர் முழங்காலருகே போய் நின்றாள்.

"ஆனா நீங்க உள்ள இருந்து பாத்துட்டுதானேப்பா இருந்தீங்க?"

"ஆமா."

"அப்ப நீங்களாவது கத்தியிருக்கலாமே."

அவர் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. என் கையிலிருந்து பேனாவை வாங்கி, நான் அடித்த 4.43-க்குப் பக்கத்தில், இதை நான் பொய்யாக எழுதினேன் என்று எழுதினார். வேலையில் போடுகிற அதே முழுக் கையெழுத்தை அதற்குக் கீழே போட்டார். மூடியைப் பேனாவில் மாட்ட அவருக்குக் கை வரவில்லை. நான்தான் வாங்கி மூடி வைத்தேன்.